இருபத்தாறு வரி காலி

பர்கூர் சிப்காட்டில் மூன்றாவது ஷெட்.
நானும் கணினியும் கல்தூசியும்
ஒரே ஏசியில் பிழைக்கிறோம்.

இங்கிலாந்திலிருந்து ஆர்டர்.
ஒரு பள்ளிக்கூடம், அதற்கொரு நீச்சல்குளம்,
எட்டுப் பாதை.
விளிம்புக்கல் நூற்றுப் பதினெட்டு உருப்படி:
ஓரம் உருட்டி, முகம் தீயில் வாட்டி,
ஈரக்கால் வழுக்கக் கூடாது.
கூடவே முன்கூடத்துக்கு ஒரு கறுப்புப் பலகை,
ஆண்டுக்கொரு முதல் மாணவர் பெயர் பொறித்து.

வரைபடத்தோடு பள்ளியின் கையேடும் வந்திருந்தது.
யாரோ கை தவறி அனுப்பியிருக்க வேண்டும்.
புளிசாதம் தின்றுகொண்டே படித்தேன்.
நூறு விடைத்தாளில் அறுபத்தெட்டு
உச்சியிலிருக்கும் இரண்டு தரங்களில்.
வகுப்புக்குப் பதினாறு பேர்.
நட்சத்திரம் பார்க்க ஒரு கூரை; அது திறக்குமாம்.
பியானோ மட்டும் தனியே இருக்கும் அறைகள் பதினொன்று.

எங்களுக்கு ஆய்வுக்கூடம் ஓர் அலமாரி.
சாவி கெமிஸ்ட்ரி சாரிடம்,
சார் டெபுடேஷனில் ஊத்தங்கரையில்.
ப்யூரெட்டை நான் முதலில் தொட்டது
செய்முறைத் தேர்வன்று காலை பத்தரைக்கு.
இளஞ்சிவப்பு வருமுன்னே
பயத்தில் "வந்துடுச்சு சார்" என்றேன்.
ஐம்பதுக்கு ஐம்பது போட்டார்கள்.

அந்த வருஷம் நாங்கள் நூறு சதவீதம்.
பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டினார்கள்.
அதில் நானும் இருந்தேன், தபால்தலை அளவில்,
தலைமையாசிரியரின் தோளுக்குப் பக்கத்தில்.

நூறு எப்படி வந்ததென்று
பாலிஷ் மெஷினில் நிற்கும் முனிரத்தினத்தைக் கேளுங்கள்.
பிளஸ் ஒன் முடிந்த மே மாதம்
அவன் அப்பாவையும் இன்னும் மூன்று அப்பாக்களையும் கூப்பிட்டு
நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து,
"டீசி வாங்கிக்கிட்டுப் போயிடுங்க,
பையனுக்குத்தான் நல்லது" என்றார்கள்.
முப்பத்தெட்டில் நாலு போனால் நூறு.
எந்த வாத்தியாரும் போர்டில் போட்டுக் காட்டாத கணக்கு.

கையேட்டை மறுபடி புரட்டினேன்,
அந்த அறுபத்தெட்டு
எதைக் கழித்த பிறகு என்று.
எண்ணின் தோளில் குட்டியாய் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது.
பக்கத்தின் அடியில் ஒன்றுமில்லை.

விளிம்புக்கல்லைச் சோதித்தவன் முனிரத்தினம்தான்.
செருப்பைக் கழற்றி, காலில் தண்ணி ஊற்றி,
ஒவ்வொரு கல்லிலும் ஏறி நின்று இறங்கினான்.
கே.ஆர்.பி. அணைக்குப் போனாலும்
முழங்காலுக்கு மேல் நனையாதவன்
வழுக்கவில்லை என்று நூற்றுப் பதினெட்டு டிக் போட்டான்.

பலகையில்தான் நான் சறுக்கினேன்.
பிலிப்பா என்றொரு பெயர்.
இங்கிலீஷில் எல் ஒன்று, பி இரண்டு.
நான் எல் இரண்டு, பி ஒன்று போட்டேன்.
மெஷின் கேள்வி கேட்காமல் வெட்டியது.
படம் அனுப்பிய ராத்திரியே பதில் வந்தது,
மிக மரியாதையாக.
சம்பளத்தில் நாலாயிரம் போயிற்று.

இரண்டாவது பலகையைத் தேய்க்கையில்
முனிரத்தினம் கேட்டான்:
"இந்தப் பொண்ணு எவ்ளோ மார்க்கு?"
"மார்க்கு போடலடா, பேரு மட்டும்தான்."
"மார்க்கே போடாம முதல் மார்க்கா?"
வெள்ளைத் தூசியப்பிய முகத்தில்
பல் மட்டும் சிரித்தது.
பிறகு கீழே காட்டினான்.
பெயர்கள் முடிந்த இடத்துக்குக் கீழே
இருபத்தாறு வரி காலி.
"இது யாருக்கு?"
"இனிமே படிக்கப் போறவங்களுக்கு."
"அதுக்குள்ள எடம் புடிச்சிட்டாங்களா" என்றான்,
மெஷினை மறுபடி போட்டான்.

தள்ளுபடியான பலகை இப்போது
தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சாய்ந்து நிற்கிறது.
காலி வரிகளில் லோடிங் சையத் பாய்
சாக்பீஸால் லாரிக் கணக்கு எழுதுகிறார்.
சீசனில் இருபத்தாறு போதாது;
பிலிப்பாவின் மேலேயும் எழுதுவார்.

இன்றைக்கு முதல் வரி:
டிஎன் 24, சென்னைத் துறைமுகம்,
விளிம்புக்கல், 118.